வீடியோ கால் வெட்டாமல் இருக்க ரவுட்டரில் க்யூஓஎஸ் வைப்பது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் கீழே மகளுக்கு ஆன்லைன் டியூஷன் நடக்கும். மாடியில் தம்பி, தான் எடுத்த கல்யாண வீடியோக்களை கிளவுடில் ஏற்றுவான். அவன் ஏற்ற ஆரம்பித்ததும் மகள் சொல்லும் பதில் டீச்சருக்கு விட்டு விட்டுத்தான் கேட்கும். பெரிய பிளானுக்கு மாறியும் தீரவில்லை. க்யூஓஎஸ் வைத்த பிறகுதான் சரியானது. எந்த டேட்டா முதலில் போக வேண்டும் என்று ரவுட்டர் ஒழுங்குபடுத்துவதற்குத்தான் அந்தப் பெயர்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் (ஒரு சின்ன செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓட விடுங்கள். சும்மா இருக்கும்போது எங்களுக்கு 20 மில்லி செகண்ட் காட்டியது. பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றிக்கொண்டே பார்த்தால் 400-ஐத் தாண்டியது. ஒரு பக்கத் தாமதம் 150-க்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். உங்களுக்கும் இப்படி ஏறினால், மோடத்தில் பாக்கெட்டுகள் (டேட்டாவின் சிறு துண்டுகள்) தேங்குகின்றன. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர்.

அடுத்து, யாரும் நெட் பயன்படுத்தாத நேரத்தில், கேபிள் மாட்டிய கணினியில் மூன்று முறை வேகத்தை அளந்து, குறைந்த எண்ணை எழுதி வையுங்கள்.

இப்போது முக்கியமான வேலை. ரவுட்டர் பக்கத்தில் (பிரவுசரில் பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1) க்யூஓஎஸ் பகுதிக்குப் போய், அப்லோடு அளவை அளந்த வேகத்தில் 90 சதவீதமாகப் போடுங்கள். 20 எம்பிபிஎஸ் வந்தால் 18. சில ரவுட்டர்கள் கேபிபிஎஸ்ஸில் கேட்கும், அங்கே 18000. டவுன்லோடுக்கு 85 சதவீதம் போதும்.

இருக்கிற வேகத்தை ஏன் குறைக்க வேண்டும்? வண்டிகள் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் தேங்கி நிற்கும்போது, போலீஸ்காரர் எங்கள் தெருமுனையில் நின்று கை காட்டி என்ன பயன்? வரிசை எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவர் நிற்க வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் வரிசை மோடத்தை விட்டு உங்கள் ரவுட்டருக்கே வந்துவிடும். இந்த எண்ணைப் போடாமல் முன்னுரிமைப் பட்டியல் மட்டும் போடுகிறவர்களுக்குத்தான் பலன் கிடைப்பதில்லை.

அப்புறம், டியூஷன் லேப்டாப்புக்கு 'ஹை' முன்னுரிமை கொடுங்கள். எல்லாவற்றுக்கும் 'ஹை' கொடுத்தால் எதற்குமே கொடுக்காத மாதிரிதான். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) போட்ட ரவுட்டர் என்றால் இந்தப் பட்டியலே வேண்டாம். வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவி, அதில் 'கேக்' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அது ஒவ்வொரு இணைப்புக்கும் தானே பங்கு பிரித்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

மறுபடி ஃபைலை ஏற்றிக்கொண்டே பிங் பாருங்கள். எங்களுக்கு 30-ல் நின்றது. இன்னும் ஏறினால் அப்லோடு எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கேபிளில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் வெட்டினால், ரவுட்டரை அந்த அறைக்குப் பக்கத்தில் நகர்த்திப் பாருங்கள். பலவீனமான சிக்னலை க்யூஓஎஸ் சரி செய்யாது.