ஒரே பீரியடில் இரண்டு பாடம்: பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால், மறுநாளே தண்டையார்பேட்டையில் எங்கள் டியூஷன் வாசலில் செருப்பு குவிந்துவிடும். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “மிஸ், பொண்ணுக்கு பயாலஜியும் வேணுமாம், கம்ப்யூட்டரும் வேணுமாம். ஸ்கூல்ல ரெண்டும் சேர்த்துத் தர மாட்டேங்கறாங்க.”

கணக்கோடு இந்த இரண்டையும் சேர்த்துத் தர மாட்டார்கள். தமிழ், ஆங்கிலம் போக பிளஸ் ஒன்னில் நான்கு பாடம்தான். பல பள்ளிகளில் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றுக்கும் இரண்டு குரூப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துவிடுவார்கள். நாலாவது பாடத்துக்கு மணி அடித்ததும் பாதிப் பேர் பயாலஜிக்கும் மீதிப் பேர் கம்ப்யூட்டர் அறைக்கும் பிரிந்து போவார்கள். இரண்டும் ஒரே பீரியட். இதற்காக ஹெச்.எம்.மிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் டைம்டேபிளைத்தான் எடுத்துக் காட்டுவார்.

சரி, ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது “உனக்கு எது பிடிக்கும்?” என்று மட்டும் கேட்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. பதினைந்து வயதில் கம்ப்யூட்டர் பிடிக்கும் என்றால் பாதிப் பேருக்கு அது போனில் ஆடுகிற கேம்தான். இந்தப் பாடத்தை விட்டால் பிறகு எந்தப் படிப்புக்கு வழி அடைபடும் என்று முதலில் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டால் அடைபடுவது குறைவு. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் படித்தால்தான் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று இங்கே பல வீடுகளில் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் 200-க்குப் போடுவார்கள்: கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. நாலாவது பாடத்தின் மார்க் அந்தக் கணக்கில் சேராது. பயாலஜியோடு கணக்கும் படித்த பிள்ளைக்கும் அதே சீட்டுதான்.

பயாலஜியை விட்டால் கதை வேறு. நீட் கிடையாது, பி.எஸ்சி. நர்சிங் கிடையாது. பொன்னேரியில் இருக்கும் மீன்வளக் கல்லூரிக்கும் உயிரியல் வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகளில் நர்சிங் ஆசை இல்லாத பெண்கள் குறைவு. அந்த ஆசையை மனதில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டர் குரூப்பில் போய் உட்காருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் பயாலஜியில் தள்ளுவதும் தவறு. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பையனை, “எல்லா வழியும் திறந்திருக்கும்டா” என்று சொல்லி, கணக்கும் பயாலஜியும் உள்ள முதல் குரூப்பில் சேரச் சொன்னேன். தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு தடிப் புத்தகம். அதைப் படித்த நேரமெல்லாம் கணக்கிலிருந்து போன நேரம். அவன் எடுக்க நினைத்ததோ பி.இ. மட்டும்தான். கட் ஆஃப் விழுந்தது. மருத்துவப் பக்கம் போகவே மாட்டேன் என்று தெளிவாகச் சொல்கிற பிள்ளைக்கு கம்ப்யூட்டர் குரூப்பே நல்லது.

கணக்குக்குப் பயந்தோ கூட்டாளிகளைப் பார்த்தோ, கணக்கே இல்லாத தூய அறிவியல் குரூப்புக்கு ஓடுவது இன்னொரு வகை. காசிமேட்டுப் பையன் ஒருவன், அப்பா விசைப்படகில் போகிறவர், இவனுக்குக் கப்பலில் இன்ஜினியர் ஆக வேண்டும். கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்தார்கள் என்று தாவரவியல், விலங்கியல் குரூப்பில் போய்ச் சேர்ந்துவிட்டான். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் மரைன் இன்ஜினியரிங் படிக்க பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் கேட்கிறார்கள். கணக்கே படிக்காதவன் விண்ணப்பம்கூடப் போட முடியாது. இது அவனுக்குத் தெரிந்தது பிளஸ் டூ முடித்த பிறகு.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் வருத்தம் தருவது, ஒரு பாடத்துக்காகப் பள்ளியையே மாற்றுவது. கொடுங்கையூர் அம்மா ஒருவர், மாநகராட்சிப் பள்ளியில் கேட்ட குரூப் இல்லை என்று நகையை அடகு வைத்து மகளை ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார். அந்தப் பெண் நீட் எழுத நினைத்திருந்தவள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேர்த்தி, உதவிபெறும் பள்ளி சேராது. ஐந்து வருடம் படித்து வைத்திருந்த தகுதி, டி.சி. வாங்கிய அன்றோடு போனது. கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அப்படித்தான், ஆனால் இதில் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு அதுவே தமிழ்ப் புதல்வன்.

மீடியம் மாறுவதும் இதே கணக்குத்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. இடையில் இரண்டு வருடம் ஆங்கில வழிக்குப் போய்விட்டால் அதைக் கோர முடியாது. கேட்ட குரூப் உங்கள் பள்ளியில் இல்லையென்றால், பக்கத்தில் வேறு மாநகராட்சிப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வியாசர்பாடியிலிருந்து பெரம்பூருக்கு பஸ்ஸில் போவது ஒன்றும் பெரிய தூரமில்லை. அங்கே மாறினால் எந்தச் சலுகையும் போகாது.

காமர்ஸ் எடுப்பவர்களுக்கும் மோதல் உண்டு, வணிகக் கணிதமா கணினிப் பயன்பாடுகளா என்று. சி.ஏ. யோசனை இருந்தால் வணிகக் கணிதம் எடுங்கள். அதன் முதல் கட்டத் தேர்வில் கணக்குக்கும் புள்ளியியலுக்கும் ஒரு தாள் இருக்கிறது. மற்றவர்களுக்கு எது எடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை.

அப்புறம், அட்மிஷன் அன்று கேட்க மறப்பது ஒன்று உண்டு: அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா? நோட்டீஸ் போர்டில் குரூப் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். லேபை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர்மேல் போர்த்திய துணியில் எவ்வளவு தூசி என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

சேர்ந்த பிறகு தப்பு என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். முதல் சில வாரங்களுக்குள் பெற்றோர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தால், அந்த வகுப்பில் இடம் இருந்தால், பெரும்பாலும் மாற்றித் தந்துவிடுவார்கள். காலாண்டு பரீட்சைக்குப் பிறகு போய் நின்றால், “இப்பத்தான் தெரிஞ்சுதா?” என்றுதான் கேட்பார்கள்.