பூவும் வேண்டும், மலையும் வேண்டும்: படம் அமைப்பதில் (கம்போசிஷனில்) நாம் செய்யும் தவறுகள்

ஆடியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்துவிட்டால், ஆரியங்காவு வழியாகக் கேரள வண்டிகள் வரிசைகட்டி இறங்கும். வருகிறவர்கள் எடுக்கும் படங்களை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: கீழே மஞ்சள், நடுவில் குடும்பம், பாதிப் படத்துக்கு வெளுத்த வானம், வானத்துக்கு அடியில் மை இழுகினாற்போல மலை. செங்கோட்டைக்காரனான நானும் பல வருஷம் இதே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் தவறு நேரத்தில் இருக்கிறது. சூரியகாந்தி நாள் முழுக்கச் சூரியனோடு திரும்பும் என்று பள்ளியில் படித்தோம். இளம் செடிதான் திரும்பும். பூ விரிந்து முற்றிவிட்டால் கிழக்கே பார்த்து நின்றுவிடும். நமக்கு மலை மேற்கே. பூவின் முகமும் மலையும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் மேற்கு நோக்கி நிற்க வேண்டும், வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். அது காலையில்தான் நடக்கும். ‘சாயங்கால வெயில்தான் அழகு’ என்று யாரோ சொன்னதை நம்பி ஐந்து மணிக்கு வந்தால், பொழுது மலைப்பக்கம் சாய்ந்திருக்கும், பூ முகம் இருண்டிருக்கும். அந்நேரம் மலையை மறந்துவிட்டு ஒற்றைப் பூவை நெருங்குங்கள். இதழுக்குள் வெயில் ஊடுருவி விளக்கேற்றியது போல இருக்கும்.

“மலை நேர்ல அவ்வளவு பெருசா இருந்துச்சு, படத்துல கரையான் புத்து மாதிரி இருக்கே அண்ணாச்சி?” என்று ஒரு தம்பி கேட்டான். ஆளுக்குப் பக்கத்தில் நின்று அகல லென்ஸில் எடுத்தால் அப்படித்தான். கிட்டே இருப்பது பெருக்கும், தூரத்தில் இருப்பது சிறுக்கும். இருபது முப்பது அடி பின்னால் வந்து, ஆள் பழைய அளவுக்கு வரும்வரை ஜூம் செய்யுங்கள். ஆள் அதே அளவில் நிற்க, மலை எழுந்து பின்னால் வந்து நிற்கும்.

மூன்றில் ஒரு பங்கு விதியை வைத்து நிறையப் பேர் குழம்புகிறார்கள். செல்போன் திரையில் கட்டம் போட்டுக் காட்டுகிறதே, அதுதான்: படத்தை மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளின் மேல் வைக்கச் சொல்லும் விதி. அந்தப் பெயரில் அதை 1797-இல் எழுதி வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித். அவர் பேசியது நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றி, எல்லாப் படத்தையும் பற்றி அல்ல. தென்காசிக் கோபுரத்தை நேர் எதிரே நின்று எடுக்கும்போது அதை ஓரத்தில் தள்ளினால் அசடாகத்தான் இருக்கும்.

ஆனால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எதையும் விட்டுவிட மனசில்லாமல் எல்லாவற்றையும் படத்துக்குள் அடைப்பது. தாத்தா வீட்டுச் சுவரில் ரவி வர்மா அச்சுப்படங்கள் தொங்கும் (எங்கள் ஊர் முன்பு அவருடைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது). அவர் 1893-இல் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’ ஓவியத்தைப் பாருங்கள். தாய், கையில் குழந்தை, பக்கத்தில் நாய். அப்பா படத்தில் இல்லவே இல்லை! அவரையும் வரைந்திருந்தால் அது வெறும் குடும்பப் படம் ஆகியிருக்கும்.

எழுத்தில் இதை நான் அனுபவித்தே கற்றேன். கேரளப் பக்கம் கழுதுருட்டியில் உள்ள பதின்மூன்று கண் (வளைவு) ரயில் பாலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 1904-இல் ரயில் வந்தது, மீட்டர் கேஜ் எடுத்தது, 2018-இல் அகலப்பாதை முழுதாகத் திறந்தது, கண்களின் எண்ணிக்கை என்று சகலமும் இருந்தது. நண்பர் படித்துவிட்டு, “நீ அங்கே போனியா, இல்ல வீட்டிலேயே உக்காந்து எழுதினியா?” என்றார். நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்று: பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கி, பலாச்சுளையைப் பாலிதீனால் மூடிக்கொண்டிருந்த பாட்டி. அவள் ஏழாம் பத்தியில் அரை வரி. குறுந்தொகையில் கபிலர் ஐந்தே வரியில் ஒரு பெண்ணின் பயத்தைச் சொல்கிறார். காதலன் அவளை ரகசியமாகக் கூடிய அன்று சாட்சி யாருமில்லை, ஆரல் மீனுக்குக் காத்திருந்த ஒரு குருகுப் பறவையைத் தவிர; அவன் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வாள்? மலை, அருவி, வேங்கை எதையும் அவர் அடுக்கவில்லை. நானோ பாலத்தின் கண்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எடுத்த படத்தை வெட்டுவது கேவலம் என்று நினைப்பதும் ஒரு தவறுதான். வெட்டுவதை விரும்பாத பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன்கூட, தரையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதனின் 1932-ஆம் வருடப் படத்தை வெட்டித்தான் வெளியிட்டார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு சேர்த்தால் சட்டகம் ஆகிவிடும். அச்செடுத்த படத்தின் மேல் வைத்து உள்ளே உள்ளே நகர்த்திப் பாருங்கள். என் சூரியகாந்திப் படத்தில் முதலில் வானம் போயிற்று, பிறகு வண்டிகள், பிறகு மச்சானின் பாதித் தோள். மலை போகும்போது கொஞ்சம் வலித்தது.