சுவாசப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'காற்று நுழைவதால் மார்பு விரிகிறது' என்று பலர் எழுதுகிறார்கள். நடப்பது தலைகீழ். முதலில் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது. வெளி விலா இடைத்தசைகள் விலா எலும்புகளை மேலே தூக்கி வெளிப்புறமாக விரிக்கின்றன. மார்பறையின் கொள்ளளவு கூட, நுரையீரலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 செ.மீ. நீர்த்தம்ப அளவு (அவ்வளவு உயர நீர் தரும் அழுத்தம்) குறைகிறது. காற்று நுழைவது அதன் பிறகுதான். இந்த வரிசை பிடிபட்டால் மற்ற குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

உதரவிதானம் 'சுருங்கும்' என்றதும் அதை மேல்நோக்கி வளைத்துப் படம் போடுவது இன்னொரு சறுக்கல். குவிமாடம் போல வளைந்திருப்பது அதன் தளர்ந்த நிலை. சுருங்கினால் தட்டையாகும்.

நுரையீரலைத் தானாக விரிக்கும் தசை எதுவும் அதற்குள் இல்லை. மூச்சுக் கிளைக்குழல்களின் சுவரில் மென்தசை உண்டு என்றாலும், அது குழலின் விட்டத்தை மாற்றுவதோடு சரி. அப்படியானால் நுரையீரலை விரித்து வைத்திருப்பது எது? அது எப்போதும் உள்நோக்கிச் சுருங்கப் பார்க்கிறது, மார்புச்சுவரோ வெளிநோக்கி விரியப் பார்க்கிறது. இந்த இழுபறியால் நுரையீரலையும் மார்புச்சுவரின் உட்புறத்தையும் போர்த்திய இரு ப்ளூரா படலங்களுக்கு நடுவே அழுத்தம் ஓய்வில் வளிமண்டலத்தைவிட 5 செ.மீ. நீர்த்தம்ப அளவு குறைவாக இருக்கும். உள்ளிழுக்கும்போது இந்தக் குறைவு 8 செ.மீ. வரை போகும். மார்பில் காயம்பட்டு அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கிப்போவது இதனால்தான். பாட்டிலுக்குள் பலூனைத் தொங்கவிட்டு நுரையீரலைக் காட்டும் வகுப்பறை மாதிரியுரு தவறான எண்ணத்தை விதைப்பதும் இங்கேதான். பலூனைச் சுற்றி அதில் நிறையக் காற்று இருக்கிறது. உடலில் அந்த இடத்தில் இருப்பது சில மில்லிலிட்டர் திரவம் மட்டுமே. நுரையீரல் வெற்றுப் பையும் அல்ல, பல கோடி நுண்ணறைகள் (இரத்தத்தோடு வாயு மாற்றம் நடக்கும் நுண்ணிய காற்றுப்பைகள்) நிறைந்த பஞ்சு போன்ற திசு.

ஓய்வில் மூச்சை வெளிவிடத் தசைகள் உழைப்பதில்லை. உள்ளிழுத்த தசைகள் தளர்ந்தாலே போதும். உள் விலா இடைத்தசைகளும் வயிற்றுத் தசைகளும் இருமல், ஓட்டம், ஊதுதல் போன்ற வேளைகளில்தான் வேலைக்கு வரும்.

கணக்கில் வரும் தவறு கொஞ்சம் நுட்பமானது. ஒரு மூச்சுக்கு 500 மி.லி., நிமிடத்துக்கு 12 மூச்சு, ஆக 6,000 மி.லி. இது முழுவதும் நுண்ணறைகளை எட்டாது. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மி.லி. வாயு மாற்றமே நடக்காத குழாய்களில் நின்றுவிடுகிறது. எனவே பயன்படுவது 350 × 12 = 4,200 மி.லி. இதே 6,000-ஐ 250 மி.லி. வீதம் 24 மேலோட்டமான மூச்சுகளாக எடுத்தால் மிஞ்சுவது 100 × 24 = 2,400 மட்டுமே.

முழுக்க ஊதிவிட்டாலும் நுரையீரல் காலியாகாது, ஏறத்தாழ 1,200 மி.லி. உள்ளேயே இருக்கும். அந்த எஞ்சிய கொள்ளளவை, மூச்சில் போய்வரும் காற்றை அளக்கும் சாதாரண ஸ்பைரோமீட்டரால் அளக்க முடியாது. ஆகவே மொத்தக் கொள்ளளவையும் அதன் வரைபடத்திலிருந்து மட்டும் கணக்கிட முயல வேண்டாம்.

படத்தில் பக்கம் மாறிவிடாமல் கவனியுங்கள்: நுரையீரலின் மூன்று மடல்கள் வலப்பக்கம், இரண்டு இடப்பக்கம். வலக் கிளைக்குழல் அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், தவறி மூச்சுக்குழாய்க்குள் போகும் பொருள் பெரும்பாலும் அந்தப் பக்கமே இறங்கும். வெளிவிடும் காற்று முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு என்பதும் தவறு. அதில் அது சுமார் 4 சதவீதம், ஆக்சிஜன் 16 சதவீதம்.

ஆபத்தான தவறு ஒன்று உண்டு. நீருக்குள் மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் சேரும் என்ற நம்பிக்கை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97 சதவீத அளவுக்கு நிரம்பியிருப்பதால் கூடுதலாகச் சேர்வது சொற்பம். குறைவது கார்பன் டை ஆக்சைடு. மூச்சுவிடத் தூண்டும் முக்கியச் சைகை அதுதான் என்பதால் தவிப்பு தாமதமாகிறது. தவிப்பு வருமுன்பே ஆக்சிஜன் மிகவும் குறைந்து, நீருக்கடியில் நினைவு தப்பிவிடலாம்.