எல்லோரும் எழுதினால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா? மின்னணுத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பல்கலைக்கழகம் பருவத் தேர்வைக் கணினிக்கு மாற்றுகிறது. ஏறக்குறைய எல்லா மாணவர்களும் உள்நுழைந்து எழுதி முடிக்கிறார்கள். 'மாணவர்கள் புதிய முறையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்' என்று அறிக்கை தயாராகிவிடுகிறது. முதல் தவறு இதுதான். எழுதாவிட்டால் தோல்வி என்ற நிலையில், வருகைக் கணக்கை வைத்து மாணவரின் மனத்தை அறிய முடியாது.

ஒரு புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை விளக்க, 1989இல் ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி இரண்டு கேள்விகளை மையமாகக் கொண்டது: இது எனக்குப் பயன்படுமா? கையாள எளிதாக இருக்குமா? 2003இல் வெங்கடேஷும் உடன் ஆய்வாளர்களும் சுற்றியிருப்போரின் தாக்கத்தையும் கிடைக்கும் வசதிகளையும் சேர்த்தார்கள். பயன்பாடு விருப்பத்தாலா, கட்டாயத்தாலா என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். பல ஆய்வுகள் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அலுவலக மென்பொருள் பணியாளருக்கு உதவும் கருவி. தேர்வு மென்பொருளோ தன்னைப் பயன்படுத்துபவருக்கே மதிப்பெண் போடுகிறது. அதனால் 'இது எனக்கு நியாயமாக நடந்துகொள்ளுமா?' என்பது மாணவருக்கு மற்ற இரண்டையும்விடப் பெரிய கேள்வி. அதைக் கேட்காத கருத்துக்கணிப்பு பாதிக் கணிப்புதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கணிப்பை நடத்தும் முறையிலும் கோளாறு இருக்கிறது. தேர்வு முடிந்ததும் திரையில் தோன்றும் படிவத்தை நிரப்புகிறவர்கள் யார்? தடையில்லாமல் எழுதி முடித்தவர்கள். இணைப்பு அறுந்து வெளியேறியவர் அந்தப் படிவத்தைப் பார்ப்பதே இல்லை. மதிப்பெண் வரும்முன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை, அதுவும் பெயர் குறிப்பிடாமல் கேட்பது நல்லது. 'திருப்தியா?' என்ற கேள்விக்குப் பதிலாக, 'தாளா கணினியா என்று உங்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், அடுத்த முறை எதை எடுப்பீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். விடை தெளிவாக வரும்.

அடுத்தது, இளைஞர்களுக்குத் தொழில்நுட்பம் தானாகவே வரும் என்ற நம்பிக்கை. கைபேசியில் வேகமாக விரலோட்டும் மாணவர், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அணிக்கோவையையோ வேதிச் சமன்பாட்டையோ தட்டச்சு செய்யத் திணறலாம். அப்போது அளக்கப்படுவது பாட அறிவா, தட்டச்சுத் திறனா? அதே மென்பொருளில், அதே வகைக் கேள்விகளோடு, மதிப்பெண் இல்லாத பயிற்சித் தேர்வு ஒன்றை முன்னதாக நடத்த வேண்டும். புதிய திரையை மாணவர் முதன்முதலாகப் பார்க்கும் நாள் இறுதித் தேர்வு நாளாக இருக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகமாக நம்பிக்கையைக் கெடுப்பது, கோளாறு வந்தால் என்ன நடக்கும் என்பதை எழுதி வைக்காமல் தேர்வைத் தொடங்குவது. 40ஆம் நிமிடத்தில் இணைப்பு போகிறது. அதுவரை எழுதியவை சேமிக்கப்பட்டனவா? கடிகாரம் நிற்குமா, ஓடுமா? யாரை அழைக்க வேண்டும்? இழந்த நேரம் திரும்பக் கிடைக்குமா? 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தியபின் அது போய்ச் சேர்ந்ததற்கு என்ன சான்று? விடைகள் தானாகச் சேமிக்கப்படுவது திரையில் தெரிய வேண்டும். சமர்ப்பித்த நேரத்தோடு ஒரு ரசீது மின்னஞ்சலில் வர வேண்டும். விதிகள் தேர்வுக்கு முன்பே மாணவர் கையில் இருக்க வேண்டும். கோளாறு நடந்தபின் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சலுகை கொடுத்தால், கிடைத்தவரும் நம்பமாட்டார், கிடைக்காதவரும் நம்பமாட்டார்.

கேள்வி அமைப்பில் நடக்கும் சிறு தவறுகளும் இதே பாதிப்பை உண்டாக்கும். முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாதபடி பூட்டிவிடுவது, தெரிந்ததை முதலில் எழுதிப் பழகியவரைப் பதற வைக்கும். கேள்வி வங்கியிலிருந்து ஆளுக்கொரு கேள்வி வருமானால், அவை ஒரே கடினத்தில் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். விடை 0.5 என்று மட்டும் பதிந்திருந்தால், ½ என்றோ .5 என்றோ எழுதியவர் தவறு செய்தவராகிவிடுவார். தானியங்கித் திருத்தத்தின் முடிவை ஆசிரியர் ஒருமுறை கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

கேமரா வழிக் கண்காணிப்பில் இன்னும் கவனம் தேவை. 2022இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஓர் அரசுப் பல்கலைக்கழகம் தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு எதிரானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகத்திலிருந்து பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்களைச் சோதித்த 2018ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது; வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம்தான். முகத்தைக் கணினி படிக்கும் எந்த முறையையும் இதை மனத்தில் வைத்தே அணுக வேண்டும். மென்பொருள் எழுப்பும் சந்தேகத்தைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல், மனிதர் ஒருவர் பதிவைப் பார்த்து, மாணவரின் விளக்கத்தையும் கேட்டபின்பே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் வேலை செய்கிறதா, கூடுதல் நேரம் பெற உரிமை உள்ளவருக்கு அது முன்கூட்டியே அமைக்கப்பட்டதா என்பதைத் தேர்வு நாளில் கண்டுபிடிப்பது மிகவும் தாமதம்.

கடைசியாக, மதிப்பெண்ணை மட்டும் காட்டி நிறுத்திவிடுவது. மின்னணு மதிப்பீட்டால் மாணவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பயன் உடனடிப் பின்னூட்டம்: எங்கே தவறினேன், ஏன், எதை மீண்டும் படிக்க வேண்டும். '20க்கு 13' என்ற ஒற்றை வரி அதைத் தராது. தன் விடையையும், சரியான விடையையும், மதிப்பெண் குறைந்த காரணத்தையும் மாணவர் திறந்து பார்க்கட்டும். அதை மறுத்துக் கேட்க அதே பக்கத்தில் ஒரு பொத்தானும், பதில் தருவதற்கு ஓர் ஆசிரியரும் இருக்கட்டும்.