20 அமினோ அமிலங்களில் ஒரு புரதம்: டிரிப்-கேஜை மாற்றி வடிவமைப்பது எப்படி?

புரதம் ஏன் மடிகிறது, எது அதைக் குலையாமல் காக்கிறது என்று புரிய வேண்டுமானால், சின்னப் புரதம் ஒன்றில் நாமே கை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு டிரிப்-கேஜை விட நல்ல தொடக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் எச்சிலில் உள்ள எக்ஸென்டின்-4 என்ற பெப்டைடை (சிறிய அமினோ அமிலச் சங்கிலியை) குறுக்கியும் மாற்றியும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்சன் குழுவினர் 2002-இல் உருவாக்கியது இது.

படி 1: புரத வடிவத் தரவுவங்கியில் 1எல்2ஒய் (1L2Y) என்ற பதிவைத் திறந்து, திரையில் சுழற்றிச் சுழற்றிப் பாருங்கள். இதற்கு அரை நாள் போனாலும் பரவாயில்லை. 6-ஆம் இடத்து டிரிப்டோஃபேன் நடுவில் இருக்கும். 3-ஆம் இடத்து டைரோசினும் 12, 18, 19-ஆம் இடத்துப் புரோலின்களும் அதைச் சூழ்ந்து நிற்கும். கேஜ், அதாவது கூண்டு என்ற பெயர் அதனால்தான். எதிர்மின்சுமை கொண்ட 9-ஆம் இடத்து அஸ்பார்டேட்டும் நேர்மின்சுமை கொண்ட 16-ஆம் இடத்து ஆர்ஜினினும் ஒன்றையொன்று ஈர்த்து, உப்புப் பாலமாகக் கைகோத்திருப்பதையும் தேடிப் பிடியுங்கள்.

படி 2: இப்போது பார்த்தவை எதையும் முதல் முயற்சியில் தொடாதீர்கள். திருப்பத்தில் இருக்கும் 11-ஆம் இடத்துக் கிளைசினையும் விட்டுவிடுங்கள்.

படி 3: மாற்றம் செய்ய வசதியான இடம், தொடக்கத்தில் உள்ள ஆல்ஃபா சுருள். அலனின் சுருளில் இயல்பாகப் பொருந்தும்; கிளைத்த பக்கச்சங்கிலி கொண்ட ஐசோலூசின் அந்த அளவுக்குப் பொருந்தாது. சுருளின் தொடக்க முனையில் எதிர்மின்சுமை இருந்தால் இன்னும் நல்லது. அதனால்தான் 1-ஆம் இடத்தில் அஸ்பார்டேட்டும், 2, 4-ஆம் இடங்களில் அலனினும் வைத்த டிசி10பி (TC10b) என்ற மாற்று வடிவத்தில், பாதி மூலக்கூறுகள் குலையும் வெப்பநிலை மூல வடிவத்தின் சுமார் 42-இலிருந்து 56 டிகிரி செல்சியஸுக்கு உயர்ந்தது. நீங்கள் மூன்றையும் ஒரேயடியாக மாற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அப்போதுதான் எந்த மாற்றம் எவ்வளவு கொடுத்தது என்று தெரியும்.

படி 4: 95 சதவீதத் தூய்மையில் பெப்டைடைச் செய்து வாங்குங்கள். எடை போட்டுச் செறிவைக் கணக்கிட வேண்டாம். பொடியில் நீரும் உப்பும் கலந்திருக்கும். 280 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தலை அளந்து, டிரிப்டோஃபேனுக்கு 5500, டைரோசினுக்கு 1490, ஆக மொத்தம் 6990 என்ற குணகத்தால் வகுங்கள்.

படி 5: வட்ட இருநிற ஒளிமானியில் (இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளியைப் புரதம் எவ்வளவு வேறுபட்டு உட்கவர்கிறது என்று அளக்கும் கருவி) 222 நானோமீட்டர் சமிக்ஞையைப் பாருங்கள், அது சுருளைக் காட்டும். பாஸ்பேட் தாங்கல் கரைசல், பிஹெச் 7 போதும். குளோரைடு வேண்டாம், அது குறைந்த அலைநீளங்களில் ஒளியை விழுங்கும். 5-இலிருந்து 95 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்கி, அப்புறம் குளிரவிட்டுப் பழைய சமிக்ஞை திரும்புகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு சின்னப் புரதத்தில் வளைகோடு செங்குத்தாக விழாது, பரந்து சாயும். ஆகவே மூல வடிவத்தையும் உங்கள் வடிவத்தையும் ஒரே நாளில், ஒரே கரைசலில் அளந்து ஒப்பிடுங்கள்.