பழுதான ஹார்ட் டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி? தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

குடும்பப் புகைப்படங்களும் சான்றிதழ்களின் ஸ்கேன்களும் அடங்கிய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கைக் கணினியில் செருகுகிறீர்கள். டிரைவின் எழுத்து மட்டும் தோன்றுகிறது. உள்ளே எதுவும் திறக்காமல், டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கிறது. அந்தப் பெட்டியை மூடிவிடுங்கள். பழுதுபார்க்கும் எண்ணத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். டிஸ்க் இன்னும் சுழலக்கூடிய சொற்ப நேரத்துக்குள் அதிலுள்ளவற்றை வேறோர் இடத்துக்கு நகலெடுப்பது ஒன்றே நம் நோக்கம்.

படி 1: மின்சாரத்தை நிறுத்துதல்

பெரும்பாலான போர்ட்டபிள் டிஸ்குகளின் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 சுற்றுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் படிக்கும் தலை மிதந்து செல்கிறது. அந்தத் தலை பழுதாகித் தட்டைத் தொட்டுவிட்டால், ஒவ்வொரு சுற்றும் தரவு பதிந்திருக்கும் காந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும். ஆகவே டிஸ்கைக் கழற்றிவிடுங்கள்; ஒருமுறை செருகிப் பார்ப்போமே என்று திரும்பத் திரும்ப முயல வேண்டாம். டிஸ்கைச் சரிபார்க்கும் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையையும் இயக்க வேண்டாம். அது கோப்பு அமைப்பைச் சீராக்குவதற்காக டிஸ்கின் மீதே எழுதுவதால், மீட்கக்கூடிய கோப்புகளும் சிதையலாம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்ற யோசனை யூடியூபில் இன்னமும் உலவுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் அப்படிச் செய்தால் தட்டின் மேல் நீர் படிவதுதான் மிச்சம்.

படி 2: ஒலியைக் கவனித்தல்

ஒரே ஒருமுறை இணைத்து, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய சுழற்சி ஒலி மட்டும் கேட்டால் அடுத்த படிக்குச் செல்லலாம். டிக், டிக் என்று ஒரே தாளத்தில் தட்டும் ஒலியோ, உராயும் ஒலியோ, மோட்டார் சுழல முடியாமல் எழுப்பும் மெல்லிய பீப் ஒலியோ கேட்டால், உடனே கழற்றிவிட்டு நேராகப் படி 6-க்குச் செல்லுங்கள். வீட்டில் செய்யத்தக்கது அதற்கு மேல் எதுவுமில்லை.

படி 3: கேபிளும் ஸ்மார்ட் எண்களும்

யூஎஸ்பி ஹப்பை விடுத்து, வேறொரு கேபிள் வழியாகக் கணினியின் போர்ட்டிலேயே நேரடியாக இணையுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சரியான கொள்ளளவு தெரிந்தால் நல்ல அறிகுறி. பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் ஸ்மார்ட் பட்டியலை, அதாவது டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தானே பதிந்துவைக்கும் எண்களைப் பாருங்கள். இடப்பக்கத்தில் 05, சி5, சி6 என்று குறிக்கப்பட்ட மூன்று வரிகள்தான் முக்கியம்: முதலாவது, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (தட்டில் தரவு பதியும் சிறு பகுதிகள்), இரண்டாவது படிக்கத் திணறுபவை, மூன்றாவது படிக்கவே முடியாதவை. அந்த வரிகளின் மூலமதிப்பு (Raw Values) சுழியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் தட்டு கெட்டுவருகிறது என்று பொருள். சி7 மட்டும் உயர்ந்திருந்தால் கேபிளையோ இணைப்பையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

படி 4: முழு டிஸ்கையும் இமேஜாக நகலெடுத்தல்

இமேஜ் என்பது முழு டிஸ்கின் நகலையும் அப்படியே கொண்ட ஒற்றைக் கோப்பு. அதை எடுப்பதே இச்செய்முறையின் உயிர்நாடி; அவசரப்படாமல் செய்ய வேண்டியது. பழுதான டிஸ்கைவிடப் பெரிய, நல்ல டிஸ்க் ஒன்று தேவை. அது ஃபேட்32 அமைப்பில் இருக்கக் கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பை எழுத முடியாது. பென்டிரைவிலிருந்து உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை, கணினியில் நிறுவாமல், சோதனை முறையில் இயக்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் அதன் பெயருக்கு முன்னால் ஒரு ஜி சேர்ந்து, ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும்.

இக்கருவிக்கு மூன்று விவரங்களை வரிசையாகத் தர வேண்டும்: படிக்க வேண்டிய டிஸ்க், இமேஜ் எழுதப்படும் கோப்பு, எதுவரை படிக்கப்பட்டது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு. முதலிரண்டும் இடம் மாறினால், பழுதான டிஸ்கின் மேலேயே எழுதிவிடும் அபாயம் உண்டு. ஆகவே கொள்ளளவையும் மாடல் எண்ணையும் பார்த்து, இரண்டையும் காகிதத்தில் குறித்துக்கொண்ட பிறகே என்டர் விசையைத் தட்டுங்கள். மேப் கோப்பையும் நல்ல டிஸ்கிலேயே சேமிக்க வேண்டும். சோதனை முறையில் இயங்கும் உபுண்டுவின் முகப்புக் கோப்புறை ரேமில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். மேப் கோப்பு பத்திரமாக இருந்தால், இடையில் டிஸ்க் துண்டிக்கப்பட்டாலும் அதே கட்டளையை மீண்டும் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டிடிரெஸ்க்யூ நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, திணறும் இடங்களைத் தாண்டிச் சென்று பின்னர் அவற்றுக்குத் திரும்புகிறது. சாதாரண காப்பி பேஸ்ட் ஒரு கெட்ட செக்டாரில் முட்டிக்கொண்டு நின்றுவிடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. இடையில் டிக் ஒலி தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

படி 5: இமேஜிலிருந்து கோப்புகளை எடுத்தல்

பழைய டிஸ்கைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். டெஸ்ட்டிஸ்க் மென்பொருளைத் தொடங்கும்போது இமேஜ் கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், அது அந்தக் கோப்பையே ஒரு டிஸ்காகக் கருதும். கோப்பு அமைப்பு தப்பியிருந்தால், கோப்புறைகளும் பெயர்களும் பழையபடியே கிடைக்கும். இல்லையென்றால், அதனுடன் வரும் போட்டோரெக்கைப் பயன்படுத்த வேண்டும். இது பெயர்களைப் பொருட்படுத்தாமல், கோப்புகளின் தொடக்கத்தில் இருக்கும் அடையாள பைட்டுகளைத் தேடி எடுப்பதால், “அக்கா கல்யாணம்” என்று இருந்த கோப்புறை மறைந்து, எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான படங்கள் குவியும். படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் எக்சிஃப் தேதியை வைத்து அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கலாம். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாமல் எந்தக் கருவியும் பயன்படாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: ஆய்வகத்துக்கு அனுப்புதல்

தலையை மாற்றும் வேலை தூசு வடிகட்டப்பட்ட அறையில் நடக்க வேண்டியது. கடை மேசையில் திறந்து பார்ப்பவரிடம் டிஸ்கைத் தர வேண்டாம். அதே மாடல் டிஸ்கின் சர்க்யூட் போர்டை மாற்றினால் போதும் என்பாரையும் எளிதில் நம்ப வேண்டாம். அண்மைக்கால டிஸ்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சிப்பில் இருப்பதால், அதையும் மாற்றிப் பொருத்தாமல் பெரும்பாலும் வேலை செய்யாது. பரிசோதனைக்குப் பின் கட்டணத்தை எழுத்தில் தருவார்களா, பணம் கட்டும் முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். வாரண்டி டிஸ்குக்கு மட்டுமே, தரவுக்கு அல்ல. மாற்று டிஸ்க் பெறுவதற்காகப் பழையதைக் கொடுத்துவிட்டால் பொதுவாக அது திரும்ப வராது.

படி 7: டிஸ்குக்கு வெளியே தேடுதல்

ஆய்வகக் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டாலோ, மீட்டதில் குறை இருந்தாலோ, தொலைந்தவற்றைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு நகல் எங்கே இருக்கக்கூடும் என்று எழுதுங்கள். கூகுள் போட்டோஸ், பழைய போனின் மெமரி கார்டு, மின்னஞ்சல் இணைப்புகள், குடும்ப வாட்ஸ்அப் குழு, திருமணப் படம் எடுத்த ஸ்டுடியோ என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். ஓட்டுநர் உரிமத்தையும் பல வாரியங்களின் மதிப்பெண் சான்றிதழ்களையும் டிஜிலாக்கரில் பெறலாம். வில்லங்கச் சான்றைத் தமிழகப் பதிவுத்துறையின் இணையதளத்தில் மீண்டும் எடுக்கலாம். கோப்புகளை அடுக்கி முடித்து, இரண்டாவது டிஸ்க் ஒன்றிலும் அவற்றின் நகலை வைக்கும் வரை இமேஜை அழிக்க வேண்டாம். பழைய டிஸ்கை அப்படியே காயலான் கடையில் போடவும் வேண்டாம். உங்களால் படிக்க முடியாததைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.