பழைய டிராக்டரில் பின் சக்கர அகலம் மாற்றுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்றதும் பலர் இதைப் பஞ்சர் வேலை போல நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பேனர், கூட ஒரு ஆள் இருந்தால் போதும் என்று இறங்கிவிடுகிறார்கள். பஞ்சர் வேலையில் கழற்றியதை அப்படியே திரும்ப மாட்டுகிறோம். இரண்டு பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தை மாற்றும்போது கழற்றியது வேறு நிலையில் போய் உட்காருகிறது. டயர் எந்தப் பக்கம் பார்க்கும், மட்கார்டில் உரசுமா, முன் சக்கரத்தோடு ஒத்துப்போகுமா என்று எல்லாமே மாறும். இந்தக் கணக்கை ஜாக்கி வைத்த பிறகு போட ஆரம்பிப்பதுதான் முதல் தவறு.

வண்டி எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபெர்குசன் டி.இ.20, ஃபோர்டு 8என் போன்றவற்றில் ரிம்மையும் (டயர் உட்காரும் வளையம்) நடு டிஸ்க்கையும் (ரிம்மை ஆக்ஸிலோடு சேர்க்கும் தட்டு) திருப்பி மாட்டித்தான் அகலம் மாற்ற முடியும். ஃபார்மால் எச், எம் போன்ற வரிசைப்பயிர் டிராக்டர்களில் நீளமான ஆக்ஸில் மேல் ஹப்பையே (சக்கரத்தின் நடுக்குடம்) நகர்த்துவார்கள். மூன்றாவது வகையில் ரிம்மின் உட்புறம் சாய்வான தண்டவாளங்கள் இருக்கும், இன்ஜின் விசையிலேயே சக்கரம் நகரும். அலிஸ் சால்மர்ஸ் 1948இல் டபிள்யூ.டி. மாடலில் கொடுத்தது இந்த ஏற்பாடு. ஒன்றுக்குச் சொன்ன முறையை இன்னொன்றில் செய்து பார்க்கக் கூடாது. இங்கே அதிகம் பேசப்போவது முதல் வகையைப் பற்றி, ஏனென்றால் குழப்பமும் அதில்தான் அதிகம்.

அளவில் வரும் தவறு

அகலம் என்பது ஒரு டயரின் நடுவிலிருந்து மறு டயரின் நடு வரை உள்ள தூரம். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு டேப் பிடித்துவிட்டு, புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துவரவில்லை என்று குழம்புபவர்கள் உண்டு. நடுவைக் கண்டுபிடிப்பதும் சிரமம். இரண்டு டயரும் ஒரே அளவாக இருந்தால், இடது டயரின் இடது விளிம்பிலிருந்து வலது டயரின் இடது விளிம்பு வரை அளந்தால் போதும், நடுவுக்கு நடு எவ்வளவோ அதுவே வந்துவிடும்.

வரிசைப் பயிருக்குக் கணக்கு எளிது. டயர் இரண்டு வரிசைக்கு நடுவில் ஓட வேண்டும், ஆகவே சக்கர அகலம் வரிசை இடைவெளியின் முழு மடங்காக இருக்க வேண்டும். வரிசை இடைவெளி 30 அங்குலம் என்றால், இரண்டு வரிசையை உள்ளே விட்டு ஓட்ட 60 அங்குலம் வேண்டும். 36 என்றால் 72. ஆனால் டி.இ.20, 8என் இரண்டிலும் அகலம் 48 முதல் 76 அங்குலம் வரை 4 அங்குலப் படிகளாகத்தான் மாறும். பக்கத்துக்கு 2 அங்குலம், மொத்தம் எட்டு நிலைகள். 58 வேண்டும் என்று நினைத்தால் கிடைக்காது. 56, இல்லாவிட்டால் 60. அதைக் கிட்டக் கொண்டுவர ஒரு பக்கத்தை மட்டும் ஒரு படி நகர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வண்டியின் நடுக்கோடும் கருவியின் நடுக்கோடும் பிசகிவிடும், இழுவை ஒரு பக்கமாகப் போகும், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு பழக்கம், எல்லா வேலைக்கும் ஆக அகலமான நிலையிலேயே விட்டுவிடுவது. சரிவில் அது நல்லதுதான். பழைய வண்டிகளில் பெரும்பாலும் வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கிடையாது என்பதால் குறுகலான நிலையில் சரிவில் ஓட்டுவது நிஜமாகவே ஆபத்து. ஆனால் அகலம் கூடக் கூட ஆக்ஸிலையும் பேரிங்கையும் வளைக்கும் விசையும் கூடுகிறது. உழவில், சாலுக்குள் ஓட வேண்டிய சக்கரம் எட்டப் போய்விட்டால், கலப்பையின் முதல் கொழு தன் பங்கைவிட அகலமாக வெட்டப் பார்க்கும். வேலைக்குத் தகுந்த அகலம் எதுவோ அதுதான் சரி.

டயர் திரும்பிப்போவது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. எட்டு நிலைகள் மூன்று மாற்றங்களின் சேர்க்கையில் வருகின்றன. டிஸ்க்கின் குழிவு உள்பக்கம் பார்க்கலாம் அல்லது வெளிப்பக்கம் பார்க்கலாம். ரிம் டிஸ்க்கின் உள்முகத்தில் உட்காரலாம் அல்லது வெளிமுகத்தில் உட்காரலாம். ரிம்மின் காதுகள் (டிஸ்க்கோடு போல்ட் போட ரிம்மின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள்) நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருப்பதால் ரிம்மையே திருப்பினாலும் அகலம் மாறும். இந்தக் கடைசி மாற்றத்தில்தான் வினை இருக்கிறது. ரிம் திரும்பினால் கூடவே டயரும் திரும்பும், டயரின் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் V வடிவ மேடுகள்) எதிர்த்திசையில் போய்விடும்.

இதற்கு ஒரே விதி போதும். ரிம்மின் வெளிப்பக்கம் உள்பக்கமாக மாறுகிறது என்றால், இடது சக்கரம் வலதுக்கும் வலது சக்கரம் இடதுக்கும் போக வேண்டும். டிஸ்க்கை மட்டும் திருப்பினாலோ ரிம்மை டிஸ்க்கின் மறுமுகத்துக்கு மாற்றினாலோ, ரிம்மின் வெளிப்பக்கம் வெளிப்பக்கமாகவே இருக்கும்வரை பக்கம் மாற்ற வேண்டியதில்லை. வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டால் ரிம் திரும்பியதா இல்லையா என்பதில் சந்தேகமே வராது. மாட்டி முடித்ததும் வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள். பட்டனின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் கீழ்நோக்கித் தெரியும். தலைகீழாக இருந்தால் மண் வெளியே தள்ளப்படாமல் பட்டனுக்கிடையே அப்பிக்கொள்ளும், ஈரத்தில் பிடிமானம் குறையும்.

எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகிறோம் என்பதை ஒரு தாளில் படமாகப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். இதைத் தலையிலேயே சுற்றிப் பார்த்துச் சரியாகச் சொல்பவர்கள் அபூர்வம்.

தூக்கும்போது

கியரில் போட்டாயிற்று, வண்டி நகராது என்ற நம்பிக்கை இந்த வேலையில் செல்லாது. ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அந்தச் சக்கரம் சும்மா சுழலும், தரையில் உள்ள சக்கரம் உருளும். கியர் போட்டிருந்தும் வண்டி நகர இது ஒன்றே போதும். பழைய ஹேண்ட் பிரேக்கின் யோக்கியதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தரையில் இருக்கும் பெரிய சக்கரத்துக்கு முன்னும் பின்னும், முன் சக்கரங்களுக்கும் சேர்த்துக் கட்டை வைத்தால்தான் வண்டி நிற்கும்.

அடுத்தது இன்னும் மோசமானது, கண்ணில் எளிதில் படாததும்கூட. முன் ஆக்ஸில் நடுவில் ஒரே ஒரு பின்னில் ஊசலாடும்படி அமைந்திருக்கிறது. முன்னால் இரண்டு சக்கரங்கள் தெரிந்தாலும் உடம்பின் சாய்வை அவை தாங்குவதில்லை, பின் சக்கரங்கள்தான் தாங்குகின்றன. ஒரு பின் சக்கரம் போனால் அந்தப் பக்கத்துக்கு ஜாக்கி மட்டுமே துணை. ஆகவே ஜாக்கி வைப்பதற்கு முன்பே, முன் ஆக்ஸிலுக்கும் அதன் மேலுள்ள உடம்புக்கும் இடையில் இரண்டு பக்கமும் கெட்டியான மர ஆப்பு அடித்து ஊசலாட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

ஜாக்கியை ஆக்ஸில் ஹவுசிங்குக்குக் கீழே வையுங்கள். மண் தரை என்றால் அடியில் தடித்த பலகை வேண்டும். தூக்கியதும் எடையை ஸ்டாண்டுக்கு இறக்கிவிட வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, அவை முன்னறிவிப்பு தராமல் நொறுங்கும். நட்டுகளின் முதல் இறுக்கத்தைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் நீண்ட குழாய் போட்டுத் தொங்கினால் ஸ்டாண்டு சாய்ந்துவிடும்.

எடைக்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா என்பதையும் அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வால்வை மேலே கொண்டுவந்து நிறுத்தி, பிறகு கீழே கொண்டுவந்து அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். 13.6-28 அளவு டயரில் முக்கால் பங்கு நிரப்பியிருந்தால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். இரும்பு எடைகளைக் கழற்றி, தண்ணீரையும் இறக்கிவிட்டு வேலை செய்வதே நல்லது. சக்கரம் சாய ஆரம்பித்தால் பிடிக்கப் போகாதீர்கள், விலகி நின்று விழ விடுங்கள். தூக்கும் உயரமும் டயர் தரையை விட்டு நூலளவு விலகினால் போதும். அப்போதுதான் கடப்பாரையால் நெம்பி உருட்டி மாட்ட முடியும்.

துருவும் நெருப்பும்

ரிம்மின் காதுகளைச் சுற்றி வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் உள்ளே வெறும் தண்ணீருக்குப் பதில் எடைக்காக நிரப்பும் கால்சியம் குளோரைடு உப்புக் கரைசல் இருந்து கசிந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். காதை ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்து, துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அல்லது வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால், அகலம் மாற்றும் பேச்சை விட்டுவிட்டு ரிம்மைப் பற்றி யோசிக்க வேண்டும்.

போல்ட் அசையவில்லை என்றால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அறுத்துவிட்டுப் புதுசு போடுங்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் கேஸ் நெருப்பையோ வெல்டிங்கையோ காட்டவே கூடாது. சூட்டில் ரப்பர் சிதைந்து எரியும் வாயு உண்டாகி உள்ளே தேங்கும், டயர் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டேன், வால்வைக் கழற்றிவிட்டேன் என்பதெல்லாம் இதற்குப் பாதுகாப்பு இல்லை. இதில் உயிர் போயிருக்கிறது.

மற்ற இரண்டு வகைகள்

ஹப் நகரும் வகையில், ஆக்ஸிலின் துருவையும் பிசிறையும் சுரண்டாமலே ஹப்பைச் சம்மட்டியால் அடித்து நகர்த்துவதுதான் வழக்கமான தவறு. ஹப் வார்ப்பிரும்பு என்றால் அடியில் விரிசல் விடும். முதலில் ஆக்ஸிலைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவுங்கள். ஹப் ஆக்ஸிலின் நுனியைத் தாண்டித் தொங்கக் கூடாது, சாவியும் (ஹப்பை ஆக்ஸிலோடு சேர்த்துச் சுழல வைக்கும் இரும்புக் கட்டை) முழு நீளத்துக்கு ஹப்புக்குள் இருக்க வேண்டும். தண்டவாள வகையில், தண்டவாளத்தில் இருக்கும் மண்ணைச் சுரண்டாமல் இன்ஜினை முறுக்குவதும், நிறுத்தும் தடையை மறுபடி பூட்ட மறப்பதும்தான் பெரும்பாலும் நடக்கிறது.

மாட்டிய பிறகு

டிஸ்க்கும் ரிம் காதும் ஒன்றோடொன்று உட்காரும் முகத்தில் தடிப்பாகப் பெயின்ட் இருந்தால் நட்டு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பெயின்ட் நசுங்கி மெலிய மெலிய நட்டு தளரும். அழகாகப் புதுப்பித்த வண்டிகளில்தான் இது அதிகம். அந்த முகங்களை மட்டும் சுரண்டி இரும்பு தெரியும்படி விட வேண்டும். நட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்காமல் எதிரெதிராக, உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் வேலை பார்த்ததும் திரும்ப இறுக்குங்கள். அடுத்த சில நாட்கள் தினமும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

ஆகக் குறுகலான நிலையில் டயர் மட்கார்டிலோ கருவியைத் தூக்கும் கீழ்க்கை இணைப்பிலோ உரச வாய்ப்பு உண்டு, குறிப்பாகப் பழைய அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால். கருவியை மாட்டித் தூக்கி இறக்கி, இரண்டு பக்கமும் கைவிரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன் அகலத்தையும் மறக்க வேண்டாம். டி.இ.20இல் முன் ஆக்ஸிலின் கைகள் பின்னோக்கிச் சாய்வாக அமைந்திருப்பதால், அகலத்தை மாற்றினாலும் ஸ்டியரிங் கம்பிகளின் நீளத்தைத் தொட வேண்டியதில்லை. எல்லா வண்டியும் அப்படி இல்லை. மற்றவற்றில் முன் அகலம் மாறினால் டை ராடையும் (முன் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பி) அதற்கேற்ப நீட்டி, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்துவிட்டுத்தான் வயலுக்குள் இறக்க வேண்டும்.